குளியலறையை அடைத்த முடி

தொண்ணூறுகளில் பொம்மனஹள்ளியில் எங்கள் நான்கு குடித்தனங்களுக்கும் ஒரே குளியலறை. ஒருநாள் தண்ணீர் போகாமல் கணுக்கால் வரை நின்றது. குச்சியை விட்டு இழுத்தேன். செத்த எலி மாதிரி கொழகொழவென்று ஒரு முடிக்கற்றை வந்தது. குமட்டியது.

பக்கத்து வீட்டுச் செல்விக்குப் பிள்ளை பெற்றபின் முடி கொட்டுவது எல்லோருக்கும் தெரியும். அதை அவள் வாசலிலேயே வீசினேன்.

"உன் அசிங்கத்த நீயே அள்ளு!"

செல்வி குனிந்து பார்த்தாள். "எனக்குக் கொட்டுறத டெய்லி பேப்பர்ல மடிச்சிப் போட்டுடுறேன்க்கா. இது செவப்பா இருக்கே. நான் மருதாணி போடுறதில்லையே."

அங்கே நரைக்கு மருதாணி பூசுபவள் நான் ஒருத்திதான்.

பிறகு டாக்டர் எனக்கு ரத்தசோகை என்றார். மாத்திரையில் முடி கொட்டுவது நின்றது. ஆனால் அன்று என் முடியைச் செல்வி கையால் அள்ள, நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேனே, அதை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.