தரையில் நின்று வானம் பார்க்கும் வேலை

எங்கள் ஊரில் ராணுவம் என்றால் பழைய ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது பிரெஞ்சு ராணுவம்தான். அதில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைச் சொல்தா என்பார்கள். என் அம்மா அப்படி ஒரு சொல்தா வீட்டில் சமையல் செய்கிறாள். அப்பா கொத்தனார். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரத்தில் உப்பளம் என்கிற பகுதிக்குக் குடிவந்தவர்கள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்லும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

லாஸ்பேட்டையில் இயற்பியல் முதுகலை படித்தேன். உப்பளத்திலிருந்து சைக்கிளில் போய்வருவேன். போகிற வழியில் கொஞ்சம் சுற்றினால் விமான நிலையத்தின் சுற்றுச்சுவர் வரும். அந்த ஓடுபாதை பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். வெயிலில் கானல் நெளியும், எங்கிருந்தோ ஒரு நாய் நிதானமாக நடந்து போகும். எப்போதாவது ஒரு விமானம் தாழ்வாக இறங்கும். நான் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று பார்ப்பேன். சத்தம் முதலில் என் நெஞ்சுக்குள் கேட்கும், அப்புறம்தான் காதுக்கு வரும். அதன் நிழல் என் மேலே ஓடிப் போகும்போது, உள்ளே உட்கார்ந்து அதை ஓட்டிக்கொண்டு வருவது நான்தான் என்று தோன்றும். கீழே சைக்கிளோடு நிற்கிற பெண் யாரோ. வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது என்று அந்தப் பெண்ணுக்குத்தான் கவலை, எனக்கில்லை.

கடைசி ஆண்டில் படையில் சேரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எதற்கும் அதிர்ச்சியாகாத அப்பா, எந்தப் படை என்று மட்டும் யோசித்தார்.

"கப்பல்ல சேரு பாப்பா. கடலு இங்கியே இருக்கு. லீவு கெடச்சா நடந்தே வூட்டுக்கு வந்துடலாம்."

"ஆமா, கப்பல இவரு வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துவான்," என்றாள் அம்மா. "மிலிட்டிரியும் வாணாம். வெயில்லியே நிக்க வெப்பான், கறுத்துப் பூடுவ. ஏரோபிளேன்னா உள்ள உக்காந்துகினு போவலாம்."

என் காரணம் வேறு என்றாலும் அம்மாவின் ஓட்டு எனக்கு விழுந்துவிட்டது. விமானப்படை அதிகாரி பணிக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்கு வேறு ஊருக்குப் போய்த் தங்கினேன். விமானியாக விரும்புகிறவர்களுக்கு அங்கே ஓர் இயந்திரத் தேர்வு உண்டு. திரையில் ஒரு புள்ளி அலையும். கைப்பிடியாலும் கால் மிதியாலும் அதை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும். இந்தத் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தோற்றால் மறுபடி உட்கார விடமாட்டார்கள்.

என்னோடு வந்தவர்கள் கார் ஓட்டியவர்கள், வீட்டுக் கணினியில் விமான விளையாட்டு விளையாடியவர்கள். என் கால்களுக்குத் தெரிந்ததோ சைக்கிள் மட்டும்தான். இடது காலை அழுத்தினால் உடனே வலது காலும் அழுத்தப் பார்த்தது. புள்ளி ஒரு மீன்குஞ்சு மாதிரி நழுவி ஓடியது. நான் அதைத் துரத்திக்கொண்டே இருந்தேன். திரை அணைந்த பிறகும் என் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன.

விமானி ஆக முடியாது என்று பிற்பகலில் சொன்னார்கள். மற்றவற்றில் நான் தேறிவிட்டதால், தரைப் பணிகளில் எந்தப் பிரிவு வேண்டும் என்று ஓர் அதிகாரி பரிவோடு கேட்டார். நிர்வாகம், கணக்கு, கிடங்கு, கல்வி, வானிலை. அவர் பின்னால் இருந்த ஜன்னலில் பெரிய வெள்ளை மேகம் ஒன்று அவசரமில்லாமல் தன் உருவத்தை மாற்றிக்கொண்டிருந்தது. மற்ற எதிலும் வானம் இல்லையே என்று நினைத்தேன். வானிலை என்றேன். அந்த நேரத்தில் அது ஒரு ஆறுதல் பரிசை வாங்கிக்கொள்வது போலத்தான் இருந்தது.

பயிற்சி முடிந்து சீருடையோடு வீட்டுக்கு வந்தபோது தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா என் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏரோபிளேன் ஓட்டுவியாடி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. மழை வருமா, மூடுபனி இருக்குமான்னு சொல்ற வேலை."

"அய்ய, அத எங்கூட்டு டிவியிலயே சொல்றாங்களே! அதுக்கா இம்மாம் படிப்பு?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம்பொண்ணு போவலாம்னு சொன்னாத்தான் ஏரோபிளேனே கெளம்பும். தெரிஞ்சிக்கோ."

அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். மறுக்கத்தான் மனம் வரவில்லை. மறுநாள் அம்மா தான் வேலை செய்யும் வீட்டுப் பெரியவரிடம் விவரம் சொன்னாளாம். அவர், "ஓ, மெத்தேயோ!" என்று கைதட்டினாராம். பிரெஞ்சில் வானிலைக்கு அப்படி ஒரு சொல். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ரேஷன் கடையில், பஸ்சில், மீன் மார்க்கெட்டில், எல்லா இடத்திலும் நான் மெத்தேயோ ஆபீசர் ஆனேன். யாருக்கும் அர்த்தம் தெரியாததால் யாரும் குறைத்துப் பேசவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது மேற்கே, பாலைவனத்தை ஒட்டிய ஒரு தளத்தில். அங்கே போன புதிதில், நான் நினைத்து வந்தது இதுவல்ல என்றுதான் தினமும் தோன்றியது. திரைகள், வரைபடங்கள், எண்கள். காலையில் விமானிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காற்று எப்படி, மேகம் எவ்வளவு உயரத்தில், பார்வை எவ்வளவு தூரம் என்று நான் சொல்வேன். குறித்துக்கொண்டு எழுந்து போவார்கள். அவர்கள் நடக்கிற திசையில் விமானங்கள் நிற்கும். நான் திரும்பி அறைக்கு வருவேன். சொன்ன புழுதிக்காற்று வந்தால் வெளியே போக முடியவில்லை என்று முனகுவார்கள். வராவிட்டால் என்னைப் பார்த்துக் கைகூப்பிச் சிரிப்பார்கள். அவர்கள் கிளம்புகிற சத்தம் முன்போலவே முதலில் என் நெஞ்சில்தான் கேட்டது. அதுதான் வலித்தது.

எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. விடியலில் பலூன் விடுகிற நாட்களில் இருக்கலாம். மேல்காற்றை அறிய ஒரு பலூனைப் பறக்கவிட்டு, அது போகும் திசையைத் தொலைநோக்கி வழியே தொடர வேண்டும். கையில் இருக்கும்போது அது ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி முட்டி முட்டி இழுக்கும். விரலைத் தளர்த்தினால் போய்விடும். கீழே நாங்கள் நிற்கிற இடம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருக்க, அதற்கு மட்டும் மேலே சூரியன் உதித்துவிடும். சிவப்பாக ஒரு பொட்டு. திடீரென்று கிழக்கே திரும்பும், அப்புறம் தயங்கும், பிறகு வேறு யாரோ கூப்பிட்டது போல வடக்கே விரையும். கண்ணுக்குத் தெரியாத ஆறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடுகின்றன என்று எனக்கு அப்போது புரியும். வானம் காலியான இடம் என்றல்லவா சைக்கிளில் நின்றபோது நினைத்திருந்தேன்!

அதன்பின் அறைக்குள் இருந்தாலும் நான் வெளியிலேயே இருந்தேன். வரைபடத்தில் ஒரு கோடு வளைந்தால் எங்கோ ஒரு மரம் அசைவது தெரியும். அம்மாவும் என்னை ஓயவிடவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் செய்வாள்.

"மாடியில மொளகா காயவெக்கலாமா பாப்பா?"

செயற்கைக்கோள் படத்தில் எங்கள் கடலோரத்தைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். ஒருமுறை தைரியமாகக் காயவைக்கச் சொன்னேன். மாலையில் கடலிலிருந்து ஒரு சின்ன மேகம் ஏறிவந்து எங்கள் தெருவை மட்டும் நனைத்துவிட்டுப் போயிருக்கிறது.

"ஏன்டி, ஏரோபிளேனுக்காவது சரியா சொல்றியா?" என்றாள் அம்மா. போனுக்குப் பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது.

விடுமுறைக்குத் தெற்கே வர, ஒருமுறை எங்கள் படையின் சரக்கு விமானத்தில் இடம் கிடைத்தது. காலையில் அந்தப் பயணத்துக்கு வானிலை சொன்னதும் நான்தான். விமானத்தின் தலைமை விமானி கோயம்புத்தூர்க்காரர். பாதி வழியில் ஆள் அனுப்பி என்னை முன்னால் கூப்பிட்டார்.

"வாங்க மேடம். நீங்க சொன்ன மேகம் வருது. வந்து நீங்களே பாத்துக்கங்க."

விமானிகளுக்குப் பின்னால் இருந்த இருக்கையில் என்னைப் பட்டையால் கட்டி உட்கார வைத்தார்கள். எந்த இடத்துக்காக அந்தப் புள்ளியைத் துரத்தினேனோ, அதற்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தேன். பொறாமையில் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

மேகம் முதலில் கிழிந்த பஞ்சாகக் கண்ணாடியில் பட்டது. பிறகு எல்லாம் வெள்ளை. மேல் இல்லை, கீழ் இல்லை, வேகம்கூட இல்லை. நாங்கள் எங்கேயும் போகாமல் ஒரு பெரிய மௌனத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தோம். அந்த வெள்ளைக்குள்ளும் வித்தியாசங்கள் இருந்தன. ஒரு பக்கம் முத்தின் உள்புறம் மாதிரி வெளிச்சம். இன்னொரு பக்கம் ஈரச் சுண்ணாம்பு. கண்ணாடியில் நீர்த்துளிகள் மேல்நோக்கி ஏறின. காலையில் நான் ஒரு எண்ணாகச் சொன்னது இது. அதன் உள்ளே இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் துளிகள் எந்தக் கடலில் இருந்தவை, இன்று மாலை எந்த வயலில் விழும் என்று மனம் அலைந்தது.

தலைமை விமானி ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார்.

"பைலட் ஆகணும்னு ஆசை இருந்ததில்லீங்களா?"

"இருந்தது சார்," என்றேன். அதைச் சொல்லும்போதுதான், இவ்வளவு நேரமும் அவர் கைகளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்த பக்கமே என் கண் போகவில்லை.

"இப்ப?"

"இப்ப ஒரு உதவி வேணும் சார். இந்த மேகத்துக்குள்ளயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எங்க மாமனார் வூட்டுப் பெட்ரோல் இல்லீங்க மேடம்," என்றார். விமானம் மேகத்தை விட்டு வெளியே வந்தது. நான் இருக்கையில் முடிந்தவரை திரும்பி, அது பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.