பாதியோடு மூன்றிலொன்று

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நகரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். திருமண அழைப்பிதழில் மாப்பிள்ளையின் பெயரைக்கூட நம்பமாட்டேன். வீட்டாருக்குப் போன் எடுத்து, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். இருபது வருடமாக இப்படி உட்கார்ந்திருப்பவன் வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துச் சந்தேகத்தையும் கழற்றி வைக்க முடியாது. கறியில் உப்புக் குறைந்தாலும் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். மனைவி இதை ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்பாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி, சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் கார்த்திகையில் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. வாவி நிரம்பி, நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள், இனி வடிந்துவிடும் என்றார்கள். வடிய ஒரு வாரம் எடுத்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, படியோடு நின்றுகொண்டது. வீடு மூழ்கியவர்கள் பிள்ளைகளின் பாடசாலையில் தங்கியிருந்ததால் அங்கே வகுப்பு இல்லை. அச்சகத்துக்குள் வெள்ளம் புகுந்ததால் எனக்கும் வேலை இல்லை. மனைவிக்கு மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்ற வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி நின்றுகொண்டு அவள் எனக்கு உத்தரவு போட்டாள்.

"பள்ளி துறந்த உடன தவணைச் சோதனை. ரெண்டு பேரையும் இருத்திப் படிப்பியுங்க. கத்தாமப் படிப்பியுங்க."

மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. தமிழ், வரலாறு, சமயம் எல்லாம் எனக்குச் சோறு சாப்பிடுவது மாதிரி. கணக்குத்தான் விஷயம். பள்ளி முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தரம் கணக்கு எழுதி இரண்டு தரமும் எஃப் எடுத்தவன் நான். இப்போது அந்த எழுத்தை மாற்றி டபிள்யூ என்கிறார்கள். எழுத்து மாறினாலும் அவமானம் ஒன்றுதான். அச்சகத்தில் என் தமிழைப் பார்த்து எடுத்தார்கள், கணக்கை யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருந்தது வேறு. ஒரு நாள் மகன் கணக்குக் கொப்பியைத் தூக்கி எறிந்தபோது, "குப்பி விளக்கில படிச்சி நான் கணக்குக்கு சீ எடுத்தனான்" என்று சொல்லிவிட்டேன். சீ என்றால் நல்ல பாஸ். சொன்ன வாய்க்கு அது ருசித்தது. அடுத்த முறை சொன்னபோது குப்பி விளக்கோடு மழை சேர்ந்தது, அதற்கடுத்த முறை ஷெல் சத்தமும் சேர்ந்தது. இந்த வீட்டில் கணக்கில் கோட்டை விட்டவர்கள் கிடையாது என்று முடிப்பேன். மனைவிக்கு உண்மை தெரியும். நான் இதைச் சொல்லும் நேரங்களில் அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே அந்த வாரத்தில் எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது: அந்த எஃப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அதற்கு ஏற்றாற்போல, வெள்ளம் வந்த முதல் நாள், அலுமாரியின் அடித்தட்டில் இருந்த என் பரீட்சைச் சான்றிதழ்க் கோப்பைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தவள் மகள். நான் பார்க்கும்போது கோப்பின் நாடா அவிழ்ந்து தொங்கியது. முன்பே அவிழ்ந்திருந்ததா, அவள் அவிழ்த்தாளா? கேட்டால் சந்தேகம் வரும் என்று கேட்கவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதல் நாள் தமிழ். நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் காலையில் மகன் பின்னத்தோடு வந்தான். பாதியோடு மூன்றிலொன்றைக் கூட்ட வேண்டும். நான் தயங்கவே இல்லை. தயங்கினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"மேல இரிக்கிறத மேல கூட்டு. கீழ இரிக்கிறதக் கீழ கூட்டு. ஒண்டும் ஒண்டும் ரெண்டு, ரெண்டும் மூண்டும் அஞ்சு. அஞ்சில ரெண்டு. முடிஞ்சிது."

எதிரே தன் பாடத்தை எழுதிக்கொண்டிருந்த மகளின் பேனை நின்றது. அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்த்தான். ஒரு பார்வைதான், ஆனால் புள்ளி விடுபட்டாலே கண்ணில் குத்துகிற ஆள் நான்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லப்பா."

மகன் விடவில்லை, காலையில் தின்ற பாண் ரொட்டியை இழுத்தான். "அப்பா, அரைப் பாணோட இன்னும் கொஞ்சம் பாணைச் சேத்தா, அரைய விடக் குறையுமா?"

"பாண் வேற, பின்னம் வேற" என்றேன். "பாணைத் தின், பின்னத்தச் செய்."

மகளுக்கு இருமல் வந்தது. எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வர நேரமெடுத்தாள். அந்த முறையில் பதினொரு கணக்குச் செய்வித்து, சிவப்புப் பேனையால் சரி போட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் சதி நடந்தது. நான் குளித்துவிட்டு வந்தால் குசினிக்குள், அடுப்புப் பக்கம், குசுகுசு நின்றுவிடும். மேசையில் ரப்பர்த் துகள் கிடக்கும், அழித்தது யார் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. மகன் கணக்குக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே சாப்பிட வந்தான். அப்படிப் படிப்பில் பாசம் வைக்கிற பிள்ளை இல்லை அவன். புதன்கிழமை மகள் மிக மரியாதையாக ஒரு யோசனை சொன்னாள்.

"அப்பா, நீங்க அவனுக்குத் தமிழப் பாருங்க. கணக்க நான் பாக்கிறன்."

"நான் இரிக்கக்குள்ள நீ என்னத்துக்கு?"

"இல்ல, உங்களுக்கும் களைப்பாத்தானே இரிக்கும்."

இருபது வருடத்தில் என் களைப்பைப் பற்றி இந்த வீட்டில் கவலைப்பட்டவர்கள் இல்லை. கோப்பைத் திறந்து பார்த்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். இரண்டும் குசினிக்குள் நின்று என் எஃப்பைச் சொல்லிச் சிரிக்கின்றன. கதிரையில் ஏறி, அலுமாரியின் மேல் கோப்பின் மூலை இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அடுத்த நாள் பார்த்தால் கோப்பு கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தது. அதன் மேல் பூனை படுத்திருந்தது. வேறு எவனாவது அதோடு விட்டிருப்பான். பூனையை அங்கே ஏற்றி விட்டது யார் என்று நான் யோசித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் காவல் காத்ததெல்லாம் மகனுடைய கொப்பிகளைத்தான். மகளுடைய படிப்பை நான் பார்ப்பதே இல்லை. முதல் தவணையில் கணக்குக்கு எழுபத்திரண்டு என்றாள், சந்தோஷப்பட்டேன். தேர்ச்சி அறிக்கை இன்னும் தரவில்லை என்றாள், சரி என்றேன். அவள் நல்ல பிள்ளை என்பது என் வீட்டில் நான் ஒரு தரம்கூடத் திருத்திப் பார்க்காத வாக்கியம்.

வெள்ளிக்கிழமை வெயில் எறித்தது. ஒழுங்கைத் தண்ணீரில் மீன் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்த, இரண்டு பேரும் கட்டிலுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொப்பி மேசையில் தனியாகக் கிடந்தது. யன்னலால் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தேன்.

முன் பக்கத்தில் என் பதினொரு கணக்கும் என் சிவப்புச் சரிகளோடு அப்படியே இருந்தன. கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அதே பதினொரு கணக்கு, மகளுடைய கையெழுத்தில். பாதியை ஆறில் மூன்றாக்கி, மூன்றிலொன்றை ஆறில் இரண்டாக்கி, ஆறில் ஐந்து என்று விடை எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு பாணைப் படமாகக் கீறி ஆறு துண்டு போட்டிருந்தாள். அதற்குக் கீழே தம்பிக்கு ஒரு குறிப்பு.

'முன்னுக்கு அப்பாட விடைய அப்படியே வை. சோதனையில இத எழுது. அப்பாட்டக் காட்டாத. அவர் பாவம்.'

பேச்சுத் தமிழில் எழுதியிருந்தாள். அதைத் திருத்தத்தான் என் கை முதலில் சிவப்புப் பேனையைத் தேடியது. பிறகுதான் கடைசிச் சொல் உறைத்தது. பாவம். கோபம் வந்தது, பொய் சொல்வானேன், நல்ல கோபம். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருவரும் நனைந்துபோய் வந்தார்கள், வலைக்குள் விரல் நீளத்தில் இரண்டு மீன். மேசைக்குக் கூப்பிட்டேன். கொப்பியை அவர்கள் முன்னால் வைத்தேன். மகன் தலையைக் குனிந்தான்.

"பைல எப்ப துறந்த நீ?" என்று மகளைக் கேட்டேன்.

"எந்த பைல்?"

"சேட்டிபிக்கட் இரிக்கிற பைல். அலுமாரிக்கு மேல வெச்சாயே."

"நான் துறக்கல்லயே. ஏன், என்ன இரிக்கி அதுக்குள்ள?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

தலையை நிமிர்த்திய மகன் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "அப்பா எடுத்த சீ இரிக்கும்" என்றான்.

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருக்கலாம். பழகிய வாய்க்கு அது கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பாண் படம் என் முன்னால் விரிந்து கிடந்தது.

"சீ இல்ல மனே. எஃப். ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் எஃப். குப்பி விளக்கு, ஷெல்லடி எல்லாம் இருந்ததுதான். சீதான் இல்ல."

"எஃப் எண்டா?" என்று மகன் அக்காவைக் கேட்டான்.

"டபிள்யூ" என்றாள் அவள். என்னைப் பார்த்து, "நீங்க பின்னம் கூட்டின அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. அதுக்கு பைல் ஒண்டும் தேவையில்ல" என்றாள்.

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண் நிரம்பியிருந்தது. எழும்பி உள்ளே போய், பாடசாலைப் பையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து கொப்பிக்கு மேல் வைத்தாள். தேர்ச்சி அறிக்கை. முதலாம் தவணை, கணிதம், இருபத்தொன்பது. இரண்டாம் தவணை, இருபத்துமூன்று. இரண்டுக்கும் நேரே பெற்றோர் ஒப்பம் என்ற இடத்தில் என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து. கடைசிச் சுழி வரைக்கும் சரியாக இருந்தது. கள்ளக் கையெழுத்து என்று நானே பிடித்திருக்கமாட்டேன்.

"பின்னம் மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்றாள். "ஒம்பதாம் வகுப்புக்கு மறுகா வந்தது ஒண்டும் விளங்கல்ல."

கத்துவதற்கு எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் எழுபத்திரண்டு என்று அவள் சொன்ன பொய்யும் சீ என்று நான் சொன்ன பொய்யும் அந்த மேசையில் ஒரே நேரத்தில் கிடந்தன. அவளுடையது என்னுடையதைப் பார்த்து எழுதியது.

"ஏன் புள்ள என்னட்டச் சொல்லல்ல?"

"இந்த வீட்டில நான் மட்டும்தான் கணக்கில விட்டன் எண்டு நினைச்சன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எஃப் எடுத்ததற்காக முப்பது வருடம் பட்ட வெட்கம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வருடமாக இந்தப் பிள்ளை இதை மடியில் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து என் வீரக் கதையைக் கேட்டிருக்கிறாள். அதற்குள் என்னைப் பார்த்துப் பாவம் என்றும் நினைத்திருக்கிறாள்.

கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். விளங்காத இடத்தைக் காட்டச் சொன்னேன். பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்து, நடுப் பக்கங்களைத் தாண்டி, முன்னுக்கு வந்து, இன்னும் முன்னுக்கு வந்து, கடைசியில் முதலாவது பாடத்தைத் திறந்து வைத்தாள். குனிந்து வாசித்தேன். தமிழில்தான் இருந்தது. இன்னொரு தரம் வாசித்தேன்.

"எனக்கு விளங்கல்ல மகள்" என்றேன்.

அவள் ஈரச் சட்டையில் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கும்" என்றாள்.