பூமாரியின் தோளில் ஐந்து கிலோ மண்

பழவங்காடியில், பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, பிள்ளைச் சாமான் விற்கும் கடை ஒன்று. அதன் மாடியில் நாள் முழுக்க ஒரு பொம்மையைச் சுமந்துகொண்டு நிற்பதுதான் பூமாரியின் வேலை. துணிப் பொம்மை, வயிற்றுக்குள் ஐந்து கிலோ மண். அதை ரிங் ஸ்லிங்கில் போட்டு, வருகிற தாய்மாருக்குக் கட்டிக் காட்டுவாள். சேலைத் துணி போல நீளமாக ஒரு துணி, அதன் ஒரு முனையில் இரண்டு வளையம். மறுமுனையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வளையங்களுக்குள் நுழைத்து இறுக்கினால், நெஞ்சோடு சேர்ந்த ஒரு தொட்டில். அவ்வளவுதான் சமாச்சாரம்.

பூமாரிக்கு அஜிதா என்று ஏழு மாதப் பெண்பிள்ளை இருக்கிறது. அதைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது. பொம்மைக்கு ஏசி. பிள்ளைக்குக் கரிமடம் காலனி வீட்டின் தகரக் கூரையும் பக்கத்து வீட்டுக்காரியின் மடியும். மத்தியானம் பால் கட்டி நெஞ்சு வலிக்கும். அந்த நெஞ்சின் மேலேதான் மண்பொம்மை கிடக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தவனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

துணியில் தொங்குவது பூமாரிக்குப் புதிதல்ல. அவளுடைய அம்மா வள்ளியூரிலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்தவள். கழக்கூட்டத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியபோது அவள் கான்கிரீட் சட்டி சுமந்தாள். சாரக் கம்பில் பழைய சேலையைக் கட்டி மகளைத் தொங்கவிட்டிருந்தாள். அந்தக் கட்டடத்துக்குள் இன்று பூமாரியை செக்யூரிட்டி விடமாட்டான். அது வேறு கதை. ஆனால் துணி எங்கே தாங்கும், எங்கே வழுக்கும் என்பது அவள் கைக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்க வந்த கம்பெனிப் பெண் அரை நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகு கூட்டம் பூமாரியைத் தேடித்தான் வந்தது.

ஓணம் முடிந்ததும் புது ஸ்லிங் மூட்டை ஒன்று வந்தது. இறக்கிவைத்தவர் மைதீன். கடையில் இருபது வருஷமாக மூட்டை சுமக்கிறவர்.

"ஏ பூமாரி, வளையத்தப் பாத்தியா? கல்யாணப் பொண்ணு போட்டுக்கிடலாம் போலுக்கு, என்ன மினுக்கு!"

தங்க நிற வளையம். பூமாரி உள்பக்கமாக நகத்தை ஓட்டினாள். ஒரு இடத்தில் நகம் மாட்டியது. மறுபடி ஓட்டினாள், மறுபடி மாட்டியது. அவள் புருஷன் சுடலைக்கண்ணு கிரில் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவன். ஒட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பழைய வளையத்தில் ஒட்டே கிடையாது, வார்த்து எடுத்தது. இது கம்பியை வளைத்து, பேருக்கு ஒட்டி, மேலே பூச்சுப் பூசியது.

கடைக்காரர் ஹரிகுமாரிடம் போய்ச் சொன்னாள்.

"நீ எப்போ எஞ்சினியர் ஆச்சு?" என்றார் அவர். மலையாளி. தமிழ் வேலைக்காரர்களோடு தமிழ் கலந்து பேசுவார். "டெஸ்ட் செஞ்ச சாதனமாக்கும். ஸ்டிக்கர் வந்திருக்கு. ஒட்டி வை, அது போதும்."

"ஆரு சாரே டெஸ்ட் செஞ்சது?"

"ஒட்டச் சொன்னா ஒட்டணும், கேட்டோ."

அவள் ஒட்டவில்லை. கேட்டபோதெல்லாம் மறந்துபோச்சு என்றாள். மூட்டையைச் சுவரோரம் தள்ளி, முன்னால் குளிக்கிற தொட்டிகளை அடுக்கிவைத்தாள். அஜிதாவுக்கு ஊசி போட அவள் லீவு எடுத்த திங்கட்கிழமை, ஹரிகுமாரே அதிலிருந்து ஒன்றை எடுத்து விற்றுவிட்டார். மறுநாள் மைதீன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். வாங்கினவரின் நம்பரைக் கேட்டதற்கு ஹரிகுமார் கொடுக்கவில்லை. ஊரில் எங்கேயோ ஒரு பிள்ளை அந்த ஒட்டின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது.

புதன்கிழமை பத்மப்ரியா வந்தாள். ஸ்ரீவராகத்துக்காரி, பேங்க் உத்தியோகம், கையில் இரண்டு மாதப் பிள்ளை.

"எனக்கு பயமாக்கும். கொழந்தை உள்ளே மூச்சு முட்டிக்குமோன்னு."

"பயப்படுங்க, தப்பே இல்ல. பயந்தாத்தான் பாப்பீங்க," என்றாள் பூமாரி. பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, தன் தோளில் கிடந்த பழைய ஸ்லிங்கை அவளுக்கு மாட்டினாள். "வளையம் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழ இருக்கட்டும். தோள்ல துணிய விரிச்சு விடுங்க, கயிறாத் திரிஞ்சா வலிக்கும். இப்பம் பிள்ளைய விடுங்க. குண்டி தாழ, முட்டு ஒசர. தவளை உக்காருகாப்ல. துணி ஒரு முட்டுக்கு அடியிலருந்து மறு முட்டு வரைக்கும் போணும். சேலைக்கு இருக்காப்ல இதுக்கும் மேக்கரை கீக்கரை உண்டு. ஒவ்வொரு கரையா இழுத்து இறுக்குங்க. மொத்தமா இழுக்காதீங்க."

"இப்படியா?"

"இன்னும் ஏத்துங்க. நீங்க குனியாமலே உச்சியில முத்தம் குடுக்கணும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில ரெண்டு வெரல் போகுதா? மூஞ்சி தெரியுதா? தெரிஞ்சிக்கிட்டே இருக்கணும். குனியணும்னா முட்டை மடக்கிக் குனிங்க, ஒரு கை பிள்ளை மேல."

பிள்ளை இரண்டு முறை முனகிவிட்டுத் தூங்கிப்போனது. பத்மப்ரியா இரண்டு கையையும் அகல விரித்துப் பார்த்தாள். "ரெண்டு மாசமா எனக்குக் கையே இல்லே, கேட்டேளா!" என்று சிரித்தாள்.

"இது டெமோ பீஸ். புதுசு தரலாம்." பின்னாலிருந்து ஹரிகுமார் வந்தார். தங்க வளையம் ஒன்று ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது.

"அது வேண்டாம்," என்றாள் பூமாரி.

"பூமாரி!"

"வேண்டாம் சாரே. பிள்ளை பழசுலயே தூங்கட்டும். புதுசுல நான் பொம்மையப் போட்டுக் காட்டுதேன். நின்னா வாங்கட்டும்."

ஐந்து கிலோவையும் தங்க வளையத்தில் மாட்டினாள். ஒரு குதி குதித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நடந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். வளையம் அப்படியே நின்றது. ஹரிகுமார் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சர்க்கஸ் கழிஞ்சோ?"

பூமாரி வளையத்தின் உள்பக்கத்தை மறுபடி தடவினாள். நகம் பொய் சொல்லியிருக்குமோ? சொல்லியிருந்தால் இன்றோடு வேலை போச்சு. சரி, போகட்டும் என்று மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தாள். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டுத் தாய்மார் எப்படி இறங்குவார்களோ அப்படி, அவசரமாக, திம் திம்மென்று.

ஆறாவது படியில் டிக் என்று ஒரு சத்தம். துணி சரசரவென்று வழுக்கியது. பொம்மை நெஞ்சை விட்டு உருவிக்கொண்டு படியில் தலைகுப்புற விழுந்து, உருண்டு, கீழே பில் போடுகிற மேசைக்கு முன்னால் போய்க் கிழிந்தது. மண் சிதறியது.

பத்மப்ரியா தன் பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். தங்க வளையம் வாய் பிளந்து பூமாரியின் தோளில் தொங்கியது.

"ஒரு பீஸ் கேடு," என்றார் ஹரிகுமார். "எல்லாக் கம்பெனியிலும் உண்டு."

"திங்கக்கெழம வித்தீங்களே ஒண்ணு. அவங்களுக்குப் போன் போடுங்க."

"நாளை முதல் நீ வரவேண்டாம்."

"வரல. மொதல்ல போன் போடுங்க."

"கஸ்டமர் முன்னால—"

"ஏன் சார், அன்னிக்கு வாங்கிண்டு போனவ கஸ்டமர் இல்லையா?" பத்மப்ரியா மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "போன் பண்ணாம நான் இந்த இடத்தை விட்டு எழுந்துக்கப் போறதில்லே. வேணும்னா என்னைத் தாண்டிண்டு போங்கோ."

மைதீன் யாரையும் கேட்கவில்லை. பில் புத்தகத்தை எடுத்து, திங்கட்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, நம்பரை அழுத்தி, கீழே இறங்கி வந்த பூமாரி கையில் போனைக் கொடுத்தார். பெயர் விஜயலக்ஷ்மி என்று இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணிக்கு எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அக்கா, பிள்ளைக் கடையிலருந்து பேசுதேன். பிள்ளை எங்க?"

"என் மேலதான் இருக்கு. ஏன்?"

"எங்க நிக்கீங்க?"

"தம்பானூர்ல. மேம்பாலப் படி ஏறப் போறேன்."

"ஏறாதீங்க. ஒரு படிகூட ஏறாதீங்க. ஒரு கையப் பிள்ளை குண்டிக்கு அடியில குடுங்க. இன்னொரு கை முதுகுல. போன் கீழ விழுந்தா விழட்டும். பிள்ளையத் தூக்கி வெளிய எடுத்துட்டுச் சொல்லுங்க."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து ஒரு பிள்ளை, தூக்கம் கலைந்த ஆத்திரத்தில், வீறிட்டு அழுதது.

"எடுத்துட்டேன். என்ன விஷயம்?"

பூமாரி மண்ணின் மேலேயே உட்கார்ந்தாள். விஷயத்தை மைதீன்தான் சொன்னார்.

மறுநாள் ஒன்பதரைக்குப் பூமாரி வந்தாள். அஜிதா அவள் நெஞ்சில், ஒட்டில்லாத பழைய வளையத்தில். பத்மப்ரியா போகும்போது அந்த டெமோ பீஸுக்குத்தான் பில் போடச் சொல்லிப் பணம் கட்டி, அதைப் பூமாரி தோளிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"வரவேண்டாம்னு பறஞ்சேனே," என்றார் ஹரிகுமார். மாடியில் அதற்குள் மூன்று தாய்மார் காத்திருந்தார்கள். 'வளையம் பார்க்கிற அந்தப் பொண்ணு எங்கே?' என்று இரண்டு தடவை கேட்டாயிற்று.

"உள்ள வரல சாரே, வாசல்லதான் நிக்கேன். அந்த மூட்டை மொதல்ல வெளிய போகட்டும். பொறவு நான் உள்ள வாறேன்."

"அப்போ இந்தக் கொச்சு?" என்று பிள்ளையைக் காட்டினார் ஹரிகுமார்.

"பொம்மைதான் கிழிஞ்சுபோச்சே," என்றாள் பூமாரி. "கட்டிக் காட்ட ஆள் வேண்டாமா?"

மைதீன் தங்க வளைய மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படி இறங்கி வந்தார்; ஹரிகுமார் தடுக்கவில்லை. "வழி விடுளா," என்றார். பூமாரி அஜிதாவின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவர் போகிறவரை ஒதுங்கி நின்றாள்.