பதினோராவது நிமிடத்தில் கடைசித் தேதி

1. மேடையிலிருந்து மேசைக்கு

கல்லூரி நாட்களில் நான் ஏறிய பட்டிமன்ற மேடைகளில் தோற்று இறங்கியது அரிது. ஆகவே, புதுச்சேரியில் மழலையர் கல்விக்காகப் பணியாற்றும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்று என்னை வேலைக்கு எடுத்தபோது, அதை என் நாவன்மைக்குக் கிடைத்த மரியாதையாகவே கருதினேன். அங்கன்வாடிகளுக்கு அரசு அறிவிக்கும் திட்டங்கள், நிதி ஒதுக்கீடுகள், விதிமாற்றங்கள் அனைத்தையும் படித்து, மையங்களின் ஆசிரியைகளுக்கு எளிமையாகத் தெரிவிப்பதே என் பணி. "எளிமையாக" என்ற சொல்லை ஒருங்கிணைப்பாளர் மேரி மேடம் இருமுறை சொன்னார். நான் ஒருமுறைதான் கேட்டுக்கொண்டேன்.

2. பன்னிரண்டு நிமிடப் பேருரை

முதல் மாதமே ஒரு சுற்றறிக்கை வந்தது. கழிப்பறை இல்லாத மையங்களில் சிறுவர் அளவுக் கழிப்பறை கட்ட நிதி உண்டு. ஆசிரியை கையெழுத்திட்ட மனுவை இடத்தின் புகைப்படத்துடன் துறை அலுவலகத்தில் நேரில் தர வேண்டும். எங்கள் பட்டியலில் அத்தகைய மையங்கள் இரண்டு: குருசுக்குப்பம், கனகசெட்டிக்குளம். அவசரம் வந்தால் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போவதே அங்கு வழக்கம்.

இரு ஆசிரியைகளுக்கும் குரல் பதிவு அனுப்பினேன். மழலையின் மாண்பில் தொடங்கி, கல்விக் கொள்கையின் வரலாற்றைக் கடந்து, படிப்படியாக உயர்ந்து, கடைசித் தேதியை உச்சத்தில் வைத்தேன். மேடையாக இருந்தால் கைதட்டல் விழும் இடம் அது.

அந்தத் தேதியும் வந்தது. பிற்பகல் மூன்றரைக்கு மேரி மேடம் கேட்டார்: "ரெண்டு மனுவும் போயிடுச்சா?"

குருசுக்குப்பம் செல்வி டீச்சரை அழைத்தேன்.

"என் பதிவைக் கேட்டீர்களா, அக்கா?"

"கேட்டேனே தம்பி. என்னாமா பேசுறீங்க! புள்ளைங்கள படுக்க வச்சிட்டு போட்டேன். அஞ்சே நிமிஷத்துல எல்லாம் தூங்கிடுச்சுங்க. தெனம் ஒண்ணு அனுப்புங்க."

"மனு தர இன்றுதான் கடைசி நாள் என்று சொன்னேனே!"

"எங்க சொன்னீங்க?"

"பதினோராவது நிமிடத்தில்."

"அடப்பாவி! புள்ளைங்க தூங்குனதும் நிறுத்திட்டு ரெஜிஸ்டர் எழுதப் போயிட்டேனே!"

கனகசெட்டிக்குளம் வசந்தா டீச்சரும் அவ்வளவு தூரம் கேட்டிருக்கவில்லை. "இங்கேருந்து பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள ஆபீஸ பூட்டிடுவாங்க. நீ செல்விக்காவது ஓடு தம்பி" என்றார்.

3. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்

குருசுக்குப்பம் போய், புகைப்படமும் கையெழுத்தும் ஆனதும், செல்வி டீச்சரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு துறை அலுவலகத்தை அடைந்தேன். எழுத்தர் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா, நாளைய சமுதாயத்தின்..."

டீச்சர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "சார், குருசுக்குப்பம் சென்டரு. கக்கூஸ் கட்ற மனு. போட்டோ பின்னாடி இருக்குது."

முத்திரை விழுந்தது. எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு யாரு?"

"நம்ம புள்ளதான் சார். பேசுவாரு."

4. கனகசெட்டிக்குளம்

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். வழிநெடுக ஓர் உரையைத் தயாரித்தேன். அதற்கு முன்னுரையும் இருந்தது. நான் போனபோது வசந்தா டீச்சர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்தார். கதவு பூட்டியிருந்தது. சிறுமி கால்களைப் பின்னிக்கொண்டு துள்ளினாள்.

"அடுத்த வீட்டுக்கு ஓடியா கண்ணு" என்று அவளை இழுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து சொன்னார்: "தேதிய மொதல்ல சொல்லிடு தம்பி. அப்பறம் எவ்ளோ வேணா பேசு."

முன்னுரையை விட்டுவிட்டு, "மன்னித்துவிடுங்கள், டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருவோர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. சுற்றறிக்கையை முழுமையாகப் படிக்க வேண்டியவர் நீங்கள், ஆசிரியை அல்லர். எந்த நாளுக்குள், என்ன தர வேண்டும், எதற்காக. அந்த வரிசையில், மூன்றே வரி.

கனகசெட்டிக்குளம் மனுப் போட, கழிப்பறை நிதிக்கான அடுத்த அறிவிப்பு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் துறையின் இணையதளத்தைத் திறந்து பார்க்கிறேன். திங்கட்கிழமைதோறும் வசந்தா டீச்சரை அழைக்கிறேன்.

"வந்துச்சா?"

"இல்லை, டீச்சர்."

அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் வைத்துவிடுகிறேன்.