மேலுமலை ஏறிய நத்தை

வாயைக் குவித்து ஒரு ஊது ஊதினேன். உள்ளே இருந்த சின்னச் சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. நான் ஊதுவதை நிறுத்திய பிறகும் சுழன்றுகொண்டே இருந்தது. ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ஜெனரேட்டரைப் பழைய இரும்பாக எடுத்து வந்து பிரித்தபோது, அதிலிருந்து கழற்றிய டர்போ அது. மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் துணியால் துடைத்து, கிருஷ்ணகிரியில் என் ஷெட்டின் மேஜைமேல் வைத்திருந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் உள்ளே வந்தார். குனிந்து தானும் ஒரு ஊது ஊதினார். அது சுழல்வதைப் பார்த்துக்கொண்டே, "என்னா மாப்ள இது, இரும்புல நத்த செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டர்போவுக்குப் பெயர் நத்தை.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்று என் பெயரில் பெரிய ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கர்நாடகா வண்டிகள் எல்லை தாண்டி வந்து என் வாசலில் வரிசையில் நிற்கின்றன. பழைய பிக்கப் ஒன்றுக்கு மாற்று இன்ஜின் போட்டு, அதற்கு மேல் டர்போவும் மாட்டி, ஓசூருக்கும் சேலத்துக்கும் நடுவில் முதன்முதலில் ரோட்டில் ஓட்டிக் காட்டியவன் நான்தான். இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் வரச் சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுத்துப் பேசி அனுப்புகிறேன். ஆனால் அந்த வண்டியை நினைத்தால் எனக்கு என் கைவேலை இரண்டாவதாகத்தான் ஞாபகம் வருகிறது. முதலில் வருவது என் மாமியார்.

அவருக்கு நாகரசம்பட்டி. மாந்தோப்பும் கொஞ்சம் தோட்டக்கால் நிலமும் இருந்தன. மாமனார் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். எண்பதுகளில் ஓசூரில் ஃபேக்டரிகள் வரிசையாக எழும்பியபோது, அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் மத்தியானம் எதையாவது சாப்பிட வேண்டுமே என்று யோசித்த ஆள் அவர். நேரே ஒரு ஃபேக்டரி கேன்டீனுக்குப் போய், தினமும் காய்கறி நான் கொண்டுவந்து போடுகிறேன் என்று பேசி முடித்துவிட்டு வந்தார். தன் தோட்டத்துக் காயும் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் காயும் சேர்த்து ஏற்றிக்கொண்டு, விடியும் முன் கிளம்புவார். டிரைவர் பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் மாமியார். அவர் காலடியில் தராசும் படிக்கற்களும்.

வண்டி பழைய அமெரிக்க மாடல் பிக்கப். உருண்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி விளக்குகள், யானை மிதித்தாலும் நெளியாத தகடு. அதில் வந்த பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற குடி தாங்காமல், அதை இறக்கிவிட்டு ஒரு வேன் டீசல் இன்ஜினை நான்தான் ஏற்றியிருந்தேன். எண்ணெய்ச் செலவு மிச்சமானது, சரி. ஆனால் அவ்வளவு பெரிய உடம்புக்கு அது சின்ன இன்ஜின். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழி மேட்டுவழி. மேலுமலை ஏற்றத்தில் லோடோடு முதல் கியரில் முனகிக்கொண்டு ஊரும். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கியே கொன்றுவிடுவார்கள். அடிக்கடி லேட்டானது. கடைசியில் கேன்டீன் மேனேஜர் சொல்லிவிட்டார்: இன்னொரு நாள் அடுப்பு மூட்டிய பிறகு காய் வந்தால், அன்றோடு காண்டிராக்ட் சூளகிரி லாரிக்காரர் ஒருவருக்கு. அந்த காண்டிராக்டை நம்பி மாமியார் மட்டும் இல்லை, ஊரில் பல குடும்பங்கள் கத்தரியும் தக்காளியும் நட்டிருந்தன.

"எனக்கு வேற வண்டி வாங்கத் தெம்பில்ல மாப்ள. இதையே மல ஏற வெய்ங்க. உங்களால ஆவலன்னா சொல்லிருங்க, பேரிகையில ஒரு மெக்கானிக் இருக்கறானாம்" என்றார். மகளைக் கொடுத்த மாப்பிள்ளையிடம் இன்னொரு மெக்கானிக் பெயரைச் சொல்வது எப்படிப்பட்ட ஊசி என்பது தெரிந்தே குத்தினார்.

டர்போ என்பது வேறொன்றும் இல்லை. இன்ஜின் வெளியே தள்ளுகிற புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரியும், பலமும் அதிகம் வரும். வீணாகப் போகிற புகைதான் வேலைக்காரன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்தேன், புரிந்தது. அது உட்கார இரும்பில் மேடை வெட்டிப் பற்றவைத்தேன். தண்டுக்கு ஆயில் போகச் செம்புக் குழாய் வளைத்தேன். ஆயில் திரும்பி வர இன்ஜின் அடித்தொட்டியில் ஓட்டை போட்டேன். காற்றுப் பாதைக்கு டிராக்டர் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி மாட்டினேன். பார்க்க அழகாக இல்லை. ஓடியது.

முதல் நாள் ஏற்றத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மலை ஆரம்பித்ததும் பழக்கப்படி முனகல் வரும் என்று காதைத் தீட்டினேன். அதற்குப் பதிலாக மெலிதாக ஒரு விசில் கிளம்பியது. விசில் ஏற ஏற வண்டி முன்னே இழுத்தது, யாரோ உச்சியிலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. முட்டைக்கோஸ் மூட்டை என் மேல் சாய்ந்தது. ஒரு லாரியைத் தாண்டினோம், இன்னொன்றையும் தாண்டினோம். கை வைத்துச் செய்தவன் நானே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த இரும்பு இல்லை அது. உச்சியில் மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "மாப்ள, பேரிகைக்காரனுக்குச் சொல்லி அனுப்ப வேணாம்."

இப்போது மாமியாரின் கை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வண்டியை உருளவிடுவோம். டீசல் மிச்சம். இறக்கம் முடிந்ததும் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் தானே பிடித்துக்கொள்ளும். அணைப்பதற்கு டேஷ்போர்டில் ஒரு குமிழ். அதை வெளியே இழுத்தால் டீசல் நின்று இன்ஜின் அணையும். அந்த வண்டியில் குமிழை இழுப்பது டிரைவர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மாமியார். மலையுச்சி தாண்டியதும் அவர் வலது கை தானாக நீளும். டர்போ மாட்டிய அன்றே சொன்னேன்: "அத்தை, மலை ஏறின சூட்டோட இன்ஜினை அணைக்கக் கூடாது. நத்தை சுத்திட்டே இருக்கும், ஆயில் நின்னு போயிடும், தண்டு கருகிடும்." தலையை ஆட்டினார். டிரைவரும் ஆட்டினார்.

சில வாரம் போனதும் புகை நீலமாக வருகிறது என்று டிரைவர் வந்து நின்றார். ஆயில் எரிந்தால்தான் நீலப்புகை வரும். மறுநாள் விடியற்காலை நானும் ஏறி, முன் சீட்டில் கதவோரம் உட்கார்ந்தேன். மேலுமலை உச்சி தாண்டியதும் என் கண் முன்னாலேயே மாமியாரின் கை நீண்டது, குமிழை இழுத்தது, மடிக்குத் திரும்பியது. இன்ஜின் அடங்கி வண்டி உருண்டது.

"அத்தை, அணைச்சிட்டீங்களே."

"நானா? நா எங்க அணைச்சேன்?"

பொய் சொல்கிற முகம் இல்லை அது. கை செய்தது அவருக்கே தெரியவில்லை. டிரைவர் ரோட்டைப் பார்த்தபடி, "தினமும் இப்படித்தான் சார். அம்மாகிட்ட யார் சொல்றது?" என்றார்.

இறக்கம் முடிந்தது. டிரைவர் குமிழை உள்ளே தள்ளி, கியர் போட்டுக் கிளட்சை விட்டார். பிடித்த இன்ஜின் நிதானத்துக்கு வரவே இல்லை. ஓலமிட்டுக்கொண்டு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. பின்னால் ரோடே தெரியாமல் வெள்ளைப் புகை. டிரைவர் வண்டியை ஓரத்தில் நிறுத்திக் குமிழை இழுத்தார். நிற்கவில்லை. "நில்தா இல்லம்மா, நில்தா இல்ல" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு குதித்து ஓடினார். நான் பானெட்டைத் திறந்து டீசல் குழாயையே பிடுங்கினேன். அப்போதும் ஓடியது. கருகிய தண்டு வழியாக நத்தை இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது, இன்ஜின் தன் ரத்தத்தையே குடித்துக்கொண்டு ஓடியது. எந்த நொடியும் வெடித்துச் சிதறலாம்.

"டீசல் இல்லாமயே ஓடுதே மாப்ள, வேற எதத் திங்குது?"

"ஆயிலைத் திங்குது அத்தை. காத்தை அடைச்சாத்தான் நிக்கும்" என்று கத்திக்கொண்டே ஹோஸைப் பிடுங்கினேன். நத்தையின் வாய் திறந்து, என் சட்டைக் கையையே இழுத்தது. திரும்பிப் பார்க்கிறேன், மாமியார் கீரைக்கட்டு மேல் போட்டிருந்த ஈரச்சாக்கை உருவி மடித்துக்கொண்டு வருகிறார். இன்னொரு கையில் தராசுத் தட்டு.

"கையை வெக்காதீங்க மாப்ள, உள்ள இழுத்துரும்."

சாக்கை அந்த வாயில் வைத்தார். அது உள்ளே போகும் முன் தராசுத் தட்டை அதன் மேல் கவிழ்த்து, முழு உடம்போடு சாய்ந்தார். முகத்துக்குப் பக்கத்தில் இன்ஜின் அலறுகிறது, தலைமுடி பறக்கிறது, கண்ணை மூடவில்லை. வண்டி முழுக்க ஒரு குலுங்கு குலுங்கியது. ஓலம் திணறி, இருமி, நின்றது. பிறகு அங்கே ஒரு மைனா கத்துவது கேட்டது. நான் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உட்காரவில்லை.

"நத்த இல்லாம ஓடுமா?"

"ஓடும். ஆயில் குழாயை அடைச்சு, பழைய மாதிரி காத்துப் பாதை போடணும். ஆயிலும் வாங்கி ஊத்தணும். நேரமாகும்."

"அடுப்பு அதுக்குள்ள மூட்டிருவாங்க." லோடைத் திரும்பிப் பார்த்தார். "சமையக்காரன் மொதல்ல வெட்டறது வெங்காயமும் தக்காளியும். அது எங்கூட வரட்டும். மிச்சத்த நீங்க கொண்டாங்க." ஓசூர் பஸ் வந்தது. நடுரோட்டில் நின்று கையை நீட்டினார். கண்டக்டர் இறங்கித் திட்ட ஆரம்பிப்பதற்குள் தக்காளிக் கூடையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். "ஏத்து தம்பி, ஃபேக்டரியில உங்க ஊருப் பசங்களுக்குத்தான் சோறு." கூடைகளும் வெங்காய மூட்டையும் பஸ் கூரைக்கு ஏறின. நெற்றியில் ஆயில் பட்ட கறுப்போடு மாமியார் படிக்கட்டில் நின்று போனார்.

நானும் டிரைவரும் மிச்ச லோடோடு ஃபேக்டரி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கேன்டீனில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, மாமியார் ஒரு ஓரமாக உட்கார்ந்து சமையல்காரரிடம் கதையளந்துகொண்டிருந்தார். காண்டிராக்ட் போகவில்லை. திட்டுவார் என்று நின்றேன். "இன்னொரு நத்த கெடைக்குமா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

கிடைத்தது. மாட்டினேன். இன்று ரோட்டில் போகிற டீசல் வண்டி எல்லாவற்றிலும் டர்போ கம்பெனியிலேயே வருகிறது. ஓட்டுகிற பையன்களுக்கு அது இருப்பதே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நாலுவழிச் சாலையில் மேலுமலையை ஏற்றம் என்றுகூட யாரும் சொல்வதில்லை. நானும் எத்தனையோ இன்ஜினைத் திருத்தியிருக்கிறேன், அந்தப் பெருமையில் குறைச்சல் இல்லை. ஆனால் இரண்டாவது நத்தையோடு முதல்முறை ஏறிய விடியலில் நான் பார்த்ததை நானே ஒரு நாளும் செய்ததில்லை.

அன்றும் மூவரும் முன்சீட்டில். மலை அடிவாரத்திலேயே மாமியார் குனிந்து ஒரு கனமான படிக்கல்லை எடுத்து வலது கையில் பிடித்துக்கொண்டார். விசில் கிளம்பியது, வண்டி ஏறியது. உச்சி வந்தது. டிரைவரும் நானும் ரோட்டை விட்டு அந்தக் கையைத்தான் பார்த்தோம். கை கிளம்பியது, படிக்கல்லோடு கிளம்பியது. கனம் இழுத்ததும் அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. பிறகு அதை மெதுவாக மடியில் இறக்கி, மேலே இடது கையை வைத்து அமுக்கிக்கொண்டார். இன்ஜினை அணைக்காமல், நத்தையின் விசிலோடு சூளகிரிப் பக்கம் இறங்கினோம்.