கூரைக்குப் பனி சுமப்பவர்

பிளாசி கதுஃப் கூடை நிறையப் பனியை முதுகில் சுமந்து ஏணியில் ஏறுகிறார். கொட்டகைக் கூரையில் கொட்டி, தானாக விழுந்த பனி மாதிரி துடைப்பத்தால் பரப்புகிறார். இறங்கி, பத்தடி பின்னால் போய்ப் பார்க்கிறார். மனசு ஆறவில்லை. மறுபடியும் ஏறுகிறார்.

உண்மையில் அது கொட்டகையே இல்லை. இரண்டு மீட்டர் கனத்தில் கான்கிரீட். உள்ளே கணவாயைப் பார்த்தபடி ஒரு பீரங்கி. உலகப்போர் சமயத்தில் சுவிஸ்காரர்கள் மலையையெல்லாம் குடைந்து கோட்டையாக்கியபோது கட்டியது. போர் முடிந்து பதினாறு வருடமாகிறது, எதிரி வந்தபாடில்லை. பீரங்கியில் ஈரம் ஏறாமலிருக்க உள்ளே சூடு போட்டே வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் கூரைப் பனி உருகிவிடும். ஊரில் எல்லாக் கூரையும் வெள்ளையாக இருக்க, இது ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடாதா? காவல்காரர் பிளாசிக்கு அதுதான் கவலை.

கொட்டகைச் சுவரில் இருக்கும் ஜன்னல், கண்ணாடி, பூப்போட்ட திரை எல்லாம் அவர் கையால் தீட்டியவை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆள்காட்டி விரலால் கண்ணாடியைத் தடவி, சாயம் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்துக்கொள்வார். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்தவர். பெண்டாட்டி உர்சினாவிடம்கூட வாய் திறந்ததில்லை. ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

"என்ன பிளாசி, உன் கொட்டகை மாடு பதினாறு வருஷமா சினையாவே இருக்கு, எப்ப கன்னு போடும்?" என்பார் பாலாடைக்கட்டி செய்யும் தூமாஷ்.

"மெதுவாப் பேசுய்யா! யார் காதுலயாவது விழப்போவுது."

இன்றைக்குக் கவலை இரட்டிப்பு. புதுக் கேப்டன் எதிர்ச் சரிவிலிருந்து தூரக்கண்ணாடியில் ஊரைப் பார்க்கப்போகிறார். எது கோட்டை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; பார்த்தே கண்டுபிடித்துவிட்டால் பிளாசிக்கு வேறு பள்ளத்தாக்குக்கு மாற்றல். பிறந்த ஊரை விட்டு எங்கே போவது? நிஜக் கொட்டகை மாதிரி தெரிய, தன் வீட்டு விறகையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டகைச் சுவரோரம் அடுக்கினார். வீட்டுக் கூரைப் பனியையும் வழித்தெடுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் அழுக்கில்லாத பனி அதுதான். வீட்டு ஜன்னல் கதவுகளை எப்போதோ சாத்தியாயிற்று. பீரங்கிச் சாவி இருக்கிற வீடாம், எவனாவது எட்டிப் பார்த்துவிடுவானாம்.

"அடுப்பு அணைஞ்சு போச்சு பிளாசி. பட்டப்பகல்ல விளக்கேத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த மாதிரி திரை போட்ட ஜன்னல் ஒண்ணு எனக்கும் வரைஞ்சு குடேன்."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ, உர்சினா."

"பதினாறு வருஷமா இதையேதான் சொல்ற."

பதினோரு மணிக்கு எதிர்ச் சரிவில் கேப்டன் பக்கத்தில் நின்றார் பிளாசி. தூரக்கண்ணாடி கொட்டகையில் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. பிளாசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அதோ!" கேப்டன் விரலை நீட்டினார். "கூரையில பனி இல்ல, அடுப்புப் புகை இல்ல, ஒரு ஜன்னல்கூடத் திறக்கல. மனுஷங்க குடியிருக்கிற வீடாய்யா அது?"

பிளாசி அந்த விரல் போன திசையைப் பார்த்தார்.

"அது... என் வீடுங்க சார்."

கேப்டன் தூரக்கண்ணாடியை இறக்கினார். பிறகு சிரித்துவிட்டு, "அப்ப நீ ஜெயிச்சிட்ட. மாத்தல் கிடையாது," என்றார்.

பிளாசி வீட்டுக்கு வந்தார். உள்ளே போகவில்லை. இறுகிக் கிடந்த ஜன்னல் கதவுகளை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உர்சினா கண் கூச நின்றுகொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலால் கண்ணாடியை மெல்லத் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டார் பிளாசி.