என் கம்பிக்குப் போட்ட பெருக்கல் குறி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் வந்து கேட்டுப் பாருங்கள். தட்டின சத்தத்தை வைத்தே கம்பியின் தரம் சொல்கிறவன் யார் என்றால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். அப்படிப்பட்ட என்னையே இரண்டு கோடு திருதிருவென்று முழிக்க வைத்துவிட்டது.

மணலி பக்கம் பெரிய கட்டடம் கட்டுகிற இன்ஜினியர் ஒருவர், என்னிடமே கம்பி வாங்குவதா, இன்னொரு கடைக்கு மாறுவதா என்று யோசனையில் இருந்தார். இரண்டு கடைக் கம்பியையும் லோடுக்கு லோடு மெஷினில் இழுத்துப் பலம் பார்த்த ரிப்போர்ட்டைக் கொடுத்து, ஒரே படமாகப் போட்டு வாருங்கள், பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். அவர் போனால் என் யார்டில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற மகளிடம் கொடுத்தேன். புரோகிராமில் படம் வரைய என்றே ஒரு லைப்ரரி இருக்கிறதாம். என்னவோ தட்டினாள், இரண்டு கோடு வந்தது. அடுத்த கடைக்கு முழுக்கோடு, அதன்மேல் அழகாக வட்டம் வட்டமாக. நமக்கோ விட்டு விட்டுப் போகிற கோடு, லோடுக்கு லோடு ஒரு பெருக்கல் குறி. எனக்குப் பகீரென்றது. எங்கள் யார்டில் சாக்பீஸால் பெருக்கல் போட்டால் கழித்த சரக்கு. விட்டு விட்டுக் கோடு இழுத்தால் அங்கே வெட்டு.

"இன்னாம்மா, அப்பன் சரக்கையே கழிச்சி வெட்டிப் போட்டுக்கீறே?"

"அது வெறும் அடையாளம் நைனா. ரெண்டும் வேற வேறயா தெரியணும்ல?"

அவனுக்கு உள்ளது எனக்கும் வேண்டும் என்று நின்றேன். ஒரு எழுத்தை அழித்து வேறு எழுத்து போட்டாள், பெருக்கல் வட்டமாகிவிட்டது. இரண்டு சின்னக் கோட்டை ஒன்றாக்கினாள், உடைந்த கோடு ஒட்டிக்கொண்டது. நம்முடையதைத் தடியாக்கச் சொன்னேன். ஒன்றை மட்டும் தடியாக்கினால் ஏமாற்று வேலை என்று இரண்டையுமே தடியாக்கினாள். நம்முடையது சிவப்பு, அவனுடையது நீலம். இவ்வளவு மாற்றியும் ரிப்போர்ட்டில் ஒன்றுமே மாறவில்லை என்கிறாள். பின்னே எதைத்தான் மாற்றினோம்?

கலரில் பிரின்ட் எடு என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஜெராக்ஸ் கடையில் கலர் மெஷின் ரிப்பேர். படம் படம்தானே என்று கறுப்பிலேயே எடுத்துக்கொண்டு போனேன்.

இன்ஜினியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல உங்களுது எதுங்க?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே தடி, ஒரே வட்டம், ஒரே கறுப்பு. ஒன்று மேலே ஏறி இறங்கிக்கொண்டு, இன்னொன்று கீழே படுத்துக்கொண்டு. மேலே இருப்பதைத் தொட்டேன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நம்ம சரக்கு கீழ இருக்காது சார்."

சிரித்துவிட்டு, எதற்கும் மகளைக் கேளுங்கள் என்றார். போன் போட்டேன். அவள் முதலில் வரைந்த படத்தையே அவர் செல்லுக்கு அனுப்பினாள். பெருக்கல் குறி எல்லாம் கீழே இருந்தது. எல்லாம் போச்சு என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவர் முகமோ மலர்ந்தது. உங்கள் கம்பி வேண்டிய பலத்துக்கு மேலேதான் இருக்கிறது, எந்த லோடும் ஏறி இறங்கவில்லை, மற்றது ஒரு லோடு போல ஒரு லோடு இல்லை என்றார். "உங்ககிட்டயே எடுத்துக்கறேன். நாளைக்கே அடுத்த லோடை அனுப்புங்க."

சரி என்று தலையாட்டினேன். திருவொற்றியூர் சிக்னலில் வண்டி நின்றபோது தாளை மறுபடி விரித்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் மேலே இருக்கிற கோடுதான் ஜெயித்த மாதிரி தெரிகிறது.